மிச்சமிருந்த ரைட்

வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. சின்னவள் அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தாள். முதியோர் இல்லத்திலிருந்து வந்திருந்த டிரைவரிடம், இவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்றாள்.

"ரைட்" என்றார் அப்பா.

பக்கவாதம் வந்து மொத்தப் பேச்சையும் வழித்துக்கொண்டு போனபோது, என்ன நினைத்ததோ, இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து காபி வேண்டுமா என்றாலும் ரைட், காபி நாக்கைச் சுட்டாலும் ரைட். கரண்ட் போனால் ஒரு ரைட். அதற்குக் கிழிஞ்சது போ என்று அர்த்தம். எதிர்வீட்டு அத்தை வந்து ஊர்க்கதை அளந்தால் நீளமாக ஒன்று. அத்தை அசையாவிட்டால் அதைவிட நீளமாக இன்னொன்று. விளக்கை அணைக்கும்போது வருவதில் மட்டும் லேசாகப் பயம் இருக்கும்.

சின்னவளுக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. வேலைவிட்டு வந்ததும் வராததுமாக, இன்றைக்குப் புதிதாக என்ன ரைட் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

டாக்டர்தான் கெடுத்தார். அது பழக்கத்தில் வருகிற சத்தம், புரிந்து சொல்கிறார் என்று எண்ண வேண்டாம் என்றார். அண்ணன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் புரியாத மனுஷன் எங்கே இருந்தால் என்ன, நீ எத்தனை நாளைக்குத் தனியாக அல்லாடுவாய் என்றான். அதில் அக்கறையும் இருந்தது, அதுதான் கொடுமை.

கடைசியில், அப்பாவையே கேட்பது, அவர் சரியென்றால் அனுப்புவது என்று முடிவானது. உலகத்தில் இல்லாத நியாயம்! வாயைத் திறந்தால் ரைட்டைத் தவிர வேறொன்றும் வராத மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

அண்ணன் துணிப் பையையும் வேனில் ஏற்றிவிட்டுத்தான் கேட்டான்.

"போலாமாப்பா?"

சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் உதடு பிரிந்தது. பாதிச் சத்தம் வெளியே வந்தும்விட்டது. சட்டென்று நல்ல கையைத் தூக்கி வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் இரண்டாம் முறை கேட்டான். பொத்திய கை விலகவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, வண்டியை எடுங்கள் என்றான்.

டிரைவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"நானும் பஸ் ஓட்டினவன்தான் சார். கண்டக்டர் ரைட் குடுக்காம எப்படி எடுக்கிறது?"

சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா வாயிலிருந்து கையை எடுத்தார்.