கோடை உயரம்

“அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. காரை இந்த உயரத்துலயே விட்டுடலாம். பனிக்கால டயரை மட்டும் மாத்திக் கொடுத்துடறேன்.”

தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நின்றபடி மெக்கானிக் மிகாமி சொன்னான்.

“டயர் கெடக்கட்டும் தம்பி. காரை இறக்கணும். அதுக்குத்தான் வந்தேன்,” என்றாள் கியோமி.

வட ஜப்பானில், எங்கள் ஹிரோசாகியில் பனி கொட்டும் மாதங்களில் காரை உயர்த்துவதும், பனி கரைந்ததும் தரையோடு தரையாக இறக்குவதும் மீசை முளைத்த புதிதில் பையன்கள் செய்கிற வேலை. ஆப்பிள் கிடங்கில் பெட்டி கட்டுகிற, அறுபதை நெருங்கும் ஒரு பெண் அதைக் கேட்டு வந்து நின்றால் சிரிப்புத்தான் வரும். மிகாமியும் சிரித்தான். அவனுக்கு அவள் புது ஆள். வழக்கமாக அவள் போகும் பட்டறையை மூடிவிட்டார்கள்.

“யாரு கார் இது? பையனோடதா?”

“எங்க வீட்டுக்காரரோடது. ஏத்தி இறக்குற இந்த ஸ்பிரிங் எல்லாம் அவர் ஆசைப்பட்டு மாட்டினது.”

“அடிப்பக்கம் பூரா கீறல். எங்கே போய் உரசுறீங்க?”

“வீட்டு வாசல் சரிவுல. ஏறும்போது கர்ருன்னு இழுக்கும்.”

“அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“சொல்லாம? சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து ஒரே கத்தல்தான். ‘கியோமி, மெதுவா, மெதுவா, அடி வாங்குது’ன்னு.” சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

“அப்போ அவரும் என் கட்சிதான். உயரமா இருந்தா உரசாது. வீடும் நிம்மதியா இருக்கும்.”

“குளிர்காலம் பூரா அப்படித்தான் இருந்துச்சு. ஒரு வார்த்தை கிடையாது.”

“நம்ம ஊரு ஆம்பளைங்களே அப்படித்தான் அக்கா. வாயைத் திறந்தா பனி உள்ளே போயிடும்னு பயம். என் பொண்டாட்டியைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவா. அவ்வளவு ஆசைன்னா குளிர்காலத்துலயும் இறக்கியே வெச்சுக்க வேண்டியதுதானே?”

“ஒரு வருஷம் வெச்சுப் பாத்தேன். முதல் பனியிலயே வயிறு மாட்டி, ஆமை மாதிரி நடுரோட்டுல கிடந்தேன்.”

மிகாமி ஸ்பானரை எடுத்து ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த வளையத்தைத் திருப்பினான். வலது பக்கம் இறங்கியது. இடது பக்கம் அசையவில்லை.

“பனி கரைய ரோட்டுல போட்ட உப்பு தின்னுடுச்சு. முரட்டுத்தனமா திருப்பினா உடைஞ்சுடும். இந்தப் பழைய காருக்கு வேற கிடைக்காது. விட்டுடுங்க அக்கா.”

கியோமியின் முகம் வாடிப்போயிற்று.

“நவம்பர்லேருந்து காத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. இன்னும் தள்ளிப் போனா மறந்துடும்.”

“என்ன மறந்துடும்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது போலிருக்கிறது, திட்டு வாங்கவாவது ஒரு சாக்கு தேடுகிறாள் என்று மிகாமி நினைத்தான். பாவமாக இருந்தது. வளையத்தில் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, அவளுக்குத் தேநீரும் நறுக்கிய ஆப்பிளும் கொண்டுவந்து வைத்தான். பிறகு பொறுமையாகத் தட்டித் தட்டித் திருப்பினான். தேநீர் ஆறிப்போன பிறகு, வளையம் முனகிக்கொண்டே இறங்கியது.

“போங்க அக்கா. போய் ஆசை தீர திட்டு வாங்குங்க.”

கியோமி சிரித்தாள். ஆப்பிள் துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

“வீட்டுல ஒரு மைனா இருக்கு. அதுக்கு ஆப்பிள்னா உயிரு.”

வீட்டு வாசலில் கடைசிப் பனிக்குவியல் அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. கியோமி வேகத்தைக் குறைக்காமலே சரிவில் ஏறினாள். கர்ர் என்று இழுத்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். உள்ளிருந்து சத்தம் இல்லை. பின்னால் எடுத்து இன்னொரு தடவை ஏறினாள். இந்த முறை இன்னும் பலமாக உரசியது.

“கியோமி, மெதுவா, மெதுவா. அடி வாங்குது.”

அவருடைய அதே கரகரத்த குரல்.

“சரிங்க. இனிமே பாத்து ஓட்டறேன்,” என்று காருக்குள்ளிருந்தே சொன்னாள். அவள் கன்னம் நனைந்துவிட்டது.

வாசல் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பூஜை மாடத்தில் இருந்த கணவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு ஆப்பிள் துண்டைக் கூண்டுக்குள் நீட்டி, “மறக்கலையே, ராசா,” என்று மைனாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.