கதவு திறக்காத பேருந்து

தடுப்பூசி மெர்சலினின் உடம்புக்கு ஆகாது. முதல் ஊசியிலேயே மூச்சு முட்டிச் சாகப் பிழைக்கக் கிடந்தவள். ஊசி போடாதவர்களை விமானத்தில் ஏற்றுவதில்லை என்று ஆன பிறகு, வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து அப்பாவைப் பார்க்க இந்த உல்லாசக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. அதிலும் ஊசி போட்டவர்கள்தான் ஊருக்குள் இறங்கலாம். மற்றவர்கள் கப்பல்காரர்களின் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம். துறைமுகம் திரும்பும்வரை அதன் கதவு திறக்காது.

பேருந்து கோயில் தெரு வழியாகப் போகும் என்று தம்பி ரொசாரியிடம் முன்பே சொல்லியிருந்தாள். புற்றுநோயில் உருகிப்போன அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து அவன் தெருவோரம் நின்றான்.

"எக்கா, வண்டி வந்துட்டு. நீ எங்க இருக்க?" என்றான் போனில்.

"கடைசி சன்னல்டே. அப்பாட்ட சொல்லு."

வழிகாட்டிப் பெண்ணிடம், "ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லும்மா" என்று கெஞ்சினாள்.

"இது தானா ஓடுற வண்டி, ஓட்ட ஆளே கிடையாதுக்கா. நான் யார்ட்ட சொல்ல?" என்றாள் அந்தப் பெண்.

கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. அப்பா கையைத் தூக்கி முன் சன்னலைப் பார்த்து ஆட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையசைத்தார். மெர்சலினின் கடைசி சன்னல் எதிரே வந்தபோது அப்பா கையை இறக்கிவிட்டிருந்தார். அவள் கண்ணாடியை அறைந்தது அவருக்குக் கேட்கவில்லை.

ரொசாரி போனில் சொன்னான்.

"அப்பா உன்னயப் பாத்துட்டாவக்கா. பிள்ள மெலிஞ்சிட்டாளேன்னு அழுதாவ."

"ஆமாடே," என்றாள் மெர்சலின். "எனக்குத்தான் கைய ஆட்டுனாவ."