அவள் உட்கார்ந்த முக்காலி

ஒத்திகை அறையின் ஒற்றை ஜன்னலிலிருந்து மாலை வெயில் என் மனைவியின் டிரம் செட் மேல் விழுகிறது. சிம்பல் தட்டுகளில் அவள் குச்சி பட்ட தழும்புகள் மினுங்குகின்றன. இந்த ராக் குழு தொடங்கிய நாளிலிருந்து வாசித்தவள் அவள்தான். போன மாதம் இறந்துவிட்டாள். சனிக்கிழமை கச்சேரிக்கு மட்டும் செட்டை இரவல் கேட்டார்கள், சரி என்றிருந்தேன். அவளுடைய முக்காலியில் உட்கார்ந்திருக்கும் புது டிரம்மர், பெரிய டிரம்முக்குள் கைவிட்டு ஒரு தலையணையை உருவுகிறான். அதிர்வு அடங்குவதற்காக அவள் எங்கள் கட்டிலிலிருந்து கொண்டுவந்து வைத்தது.

"என்னண்ணே, உள்ள தலகாணி?"

பாடகன் மைக்கைத் துடைத்தபடி சிரிக்கிறான். "பொம்பளைய டிரம்ஸ்ல உக்கார வச்சா அப்படித்தான்டா. பாதிப் பாட்டுல தூக்கம் வந்தா? அதைக் கடாசிட்டு அடி. இனிமேதான் நமக்கு ஆம்பள சத்தம் வரும்."

தலையணை என் காலடியில் விழுகிறது. வெயிலில் தூசி மெல்ல எழுந்து மிதக்கிறது. அப்போதுதான் பாடகன் என்னைப் பார்க்கிறான்.

"தமாஷு மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அவ எனக்குத் தங்கச்சி மாதிரி."

மேடையில் அந்தத் தங்கச்சியை எப்போதும் புகை மெஷினின் புகைக்குப் பின்னால்தான் உட்கார வைத்தான். புதியவன் அடிக்கிறான். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. நான் போய் அதிரும் சிம்பலைக் கையால் பிடிக்கிறேன். சத்தம் சாகிறது.

"எழுந்திரு," என்கிறேன். சிம்பலின் திருகாணியைக் கழற்றத் தொடங்குகிறேன்.

"மச்சான், சனிக்கிழமை கச்சேரி!"

"வாயாலயே அடிச்சுக்க."