மக்கு மாணவி

"'ஷீ கேவ் ஹிம் எ பென்.' இதுல இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் 'பென்'. சரிதானேங்க?"

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் மனைவியை முறைத்தார். இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார்.

"அப்போ 'ஷீ'யா?"

நாற்காலியின் கையைப் படபடவென்று தட்டினார்.

"கோபப்படாதீங்க. என் மண்டையில இவ்வளவுதான் ஏறுது. சரி, 'கேவ்'னே வச்சுக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. உதடுகள் துடித்தன.

"ம... மக்கு! யாருக்கு... யாருக்குக் குடுத்தா? ஹிம்! ஹிம்!"

புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"டேய், அப்பா பேசிட்டாருடா!"

"நிஜமாவாம்மா?" மகன் கத்தினான். "பக்கவாதம் வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை வரலையே! டாக்டரே கைய விரிச்சிட்டாரே! என்ன சொன்னாரு?"

"என்னை மக்குன்னு சொன்னாருடா!"

"உன்னையா? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் கிராமர் நடத்தற டீச்சரையா?"

"யாராவது தப்பா சொன்னா உங்கப்பாவால வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு பாசிவ் வாய்ஸ்ல சொதப்பப் போறேன், பாரு!"