ரெண்டு கையிலும் மை

"ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்க கையுறை போட்டுக்கிற கோதாவரிக்காரனை யாராவது பார்த்திருக்கீங்களா?"

சத்திபாபு கேட்டதும், டல்லாஸில் அவன் வீட்டுத் தோட்டத்தில் கூடியிருந்த ஏழெட்டுத் தெலுங்குக் குடும்பங்களும் சிரித்தன.

நாற்பது கிலோ மாங்காயின் முன்னால் உட்கார்ந்திருந்த நூக்கராஜு தலை நிமிரவில்லை. "மாங்காய்ப் பால் பட்டா அரிக்குது பாவா."

"அரிக்கும், அரிக்கும். தோத்தவனுக்கு எல்லாந்தான் அரிக்கும்!"

இருவருக்கும் ஒரே ஊர், லங்கபாலெம்; ஒருவரையொருவர் 'பாவா', அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆளுக்கொரு கட்சி. அமெரிக்கா வந்து பதினான்கு வருஷமாகியும், குடியிருக்கிற ஊருக்கு மேயர் யாரென்று இரண்டு பேருக்கும் தெரியாது. லங்கபாலெத்தில் எந்தத் தெருக்குழாய் உடைந்திருக்கிறது, அதற்கு எந்தக் கட்சி காரணம் என்பதெல்லாம் அத்துப்படி.

சட்டசபைத் தேர்தல் வந்ததும் பந்தயம் கட்டினார்கள். சொந்த ஊர் பூத்தில் எவன் கட்சிக்கு ஓட்டு குறைகிறதோ, அவன்தான் இந்த வருஷம் எல்லார் வீட்டு ஆவக்காய்க்கும் மாங்காய் நறுக்க வேண்டும்.

விசா சிக்கலில் சத்திபாபுவால் ஊருக்குப் போக முடியவில்லை. நூக்கராஜு லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினான். ஓட்டுப் போட்ட கையோடு, மை வைத்த இடது விரலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி வெறுப்பேற்றினான்.

என்ன செய்து என்ன? எண்ணி முடித்தபோது லங்கபாலெம் பூத்தில் சத்திபாபுவின் கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல்.

"ஒரு ஓட்டு!" காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தான் சத்திபாபு. "அவ்வளவு தூரம் பறந்து போயும் ஒரு ஓட்டுல மண்ணைக் கவ்வினியே பாவா! கழட்டு கையுறையை. வெறுங்கையால நறுக்கு."

"வேணாம், விடு..."

சத்திபாபு விடவில்லை. பிடித்து உருவினான். இடது கை வந்தது, எல்லாரும் பார்த்த மை. வலது கையும் வந்தது.

அந்த ஆள்காட்டி விரலிலும் மை!

சத்திபாபுவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ரெண்டு ஓட்டா போட்டே? எவன் பேர்லடா போட்டே? செத்தவன் பேர்லயா, இல்லை ஊருக்குப் போக முடியாத என் பேர்லயா?"

"கள்ள ஓட்டெல்லாம் போடலை பாவா. அதுக்கு மேல கேக்காதே. வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"திருடனுக்குக் கையெழுத்து வேறயா? உகாதி மேடையில ஏறி ஊருக்கு உபதேசம் பண்றே! நம்ம தெலுங்குச் சங்கத்துச் செயலாளர் பதவியை இன்னிக்கே விட்டுடு. இல்லைன்னா இந்தக் கையைப் படம் எடுத்து நானே எல்லாருக்கும் அனுப்புவேன்."

ஒருவரும் நூக்கராஜுவுக்காகப் பேசவில்லை. அவன் மனைவி சேஷரத்னம் கண் கலங்கிவிட்டாள். "ஏங்க, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

அவன் அடுத்த மாங்காயை எடுத்து நறுக்கினான்.

அப்போது சத்திபாபுவின் போன் அடித்தது. லங்கபாலெத்திலிருந்து அவன் அம்மா அச்சாயம்மா; நூக்கராஜுவுக்குப் 'பெத்தம்மா', பெரியம்மா மாதிரி. மூன்று வருஷமாக அவளுக்குக் கண் தெரியாது.

"நல்ல நேரத்துல கூப்பிட்டேம்மா!" ஸ்பீக்கரைப் போட்டான். "உன் செல்லப்பிள்ளை நூக்கராஜு லட்சணத்தைக் கேளு. ரெண்டு கையிலயும் மை வச்சுக்கிட்டு நிக்கிறான்!"

"அட கிறுக்கா! வலது கை மை என்னோடதுடா!"

எல்லாரும் போன் பக்கம் திரும்பினார்கள்.

"கண்ணு தெரியாதவங்களுக்குத் துணையா உள்ள வர்றவங்களுக்கு வலது கையில வைக்கிறாங்க. உங்க கட்சி ஆளுங்க வண்டியோட வருவாங்கன்னு நீதானே சொன்னே? புதுச்சேலை கட்டிக்கிட்டு மூணு மணி வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை. இவன்தான் வந்து, 'என்ன பெத்தம்மா, இன்னும் போகலையா?'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான்."

"நம்ம பையன் கூட்டிட்டுப் போனான்னுதானே சொன்னே?"

"ஏன், இவன் நம்ம பையன் இல்லையா? பேரைச் சொல்ல வேணாம்னு இவன்தான் சொன்னான். 'வர முடியலையேன்னு அங்கே தவிச்சுக்கிட்டிருக்கான், அம்மாவை அழைச்சுட்டுப் போகக்கூட ஆள் வரலைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான்'னான்."

அப்போதும் சத்திபாபுவின் கட்சிக்காரப் புத்தி விடவில்லை. ஸ்பீக்கர் இருப்பதை மறந்து மெல்லக் கேட்டான். "யாருக்கும்மா போட்டான்?"

"யாருக்குன்னா? நான் சொன்னபடி நம்ம கட்சிக்குத்தான்! பட்டன்ல விரலை வச்சுக்கிட்டு, 'பெத்தம்மா, நீங்களே மேலேருந்து தடவி எண்ணிப் பாருங்க, சரியா இருந்தா அழுத்தறேன்'னான். எண்ணினேன். மூணாவது. நம்ம சின்னம்தான்."

"சத்தமாச் சொல்லாதீங்க பெத்தம்மா," என்றான் நூக்கராஜு கூச்சத்தோடு. "ரகசியம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். சத்திபாபு சிரிக்கவில்லை. மாங்காய்க் குவியலின் முன்னால் உட்கார்ந்து, நூக்கராஜுவின் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டான்.

"என்ன அண்ணய்யா இது?" என்றாள் சேஷரத்னம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தோத்தவங்கதானே நறுக்கணும்?"

"காலையிலேருந்து நான் ஆடுனேனே, அந்த ஒரு ஓட்டு இவன் கை போட்டதும்மா," என்றான் சத்திபாபு. "தோத்தது நான்தான்."