வரவேண்டியவர்கள்

அண்ணாச்சி மாசிலாமணிக்குப் போலி மரகதலிங்கத்தை விற்ற குணசீலன், அவரிடமிருந்து தப்பிக்கப் பிணமாக நடித்துப் பெஞ்சில் கிடந்தான். நெற்றிக் காசு, மூக்குப் பஞ்சு, கால்கட்டு என்று கூட்டாளி எட்வின் எதையும் மறக்கவில்லை. அழுவதற்கு ஆள் பிடிக்கத்தான் மறந்துவிட்டான்.

மாலையோடு வந்த அண்ணாச்சி காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஒருத்தருமே வரலையாடே?"

"அவனுக்கு யாருமில்ல அண்ணாச்சி." எட்வின் அன்று சொன்னவற்றில் அது ஒன்றுதான் நிஜம்.

"அப்ப நானே கொள்ளி வைக்கேன்."

விறகுக்குச் சொல்லிவிட்டு வருவதாக எட்வின் வெளியே போனான். அவனுடைய பைக் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்து மறைந்தது.

குணசீலனின் மூடிய கண்ணோரம் நீர் கசிந்தது. அண்ணாச்சி அதைத் துண்டால் ஒற்றியெடுத்தார். பிறகு குனிந்து, அவன் காதருகே மெல்லக் கேட்டார்.

"இன்னும் யாரும் வரணுமாடே?"