காலில் கட்டிய கொடி

“அப்பா, சிங்கத்துக்கு எதுக்கு வாளு? அதுக்குத்தான் பல்லு இருக்கே?”

பாடப் புத்தகத்தில் தேசியக் கொடியைப் பார்த்துவிட்டு மகள் ஒருநாள் கேட்ட கேள்வி, பொலிஸ் நிலைய முற்றத்தில் குந்தியிருந்த இராமருக்கு ஏனோ நினைவு வந்தது. அவளுக்காக நேற்று கிரிக்கெட் மைதான வாசலில் வாங்கிய சிறிய சிங்கக் கொடி சட்டைப் பைக்குள் மடிந்து கிடந்தது.

பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து மூன்று நாள் லீவு. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் இராமர், ஆசியக் கிண்ண ஆட்டம் பார்க்கவென்று கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார். ஒரு ஆட்டம் பார்த்தாயிற்று. மறுநாள் விடியும்போதே, குண்டு வைத்தவர்களைத் தேடுகிறோமென்று பொலிஸ்காரரும் ஆமிச் சிப்பாய்களும் லொட்ஜைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

இப்போது நல்ல வெயில். லொட்ஜில் பிடித்த பதினான்கு பேரும் கைகளைத் தலைமேல் வைத்தபடி வரிசையாக இருந்தார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், இரண்டு ஓட்டைகள் வழியே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தலையாட்டினால் போதும். ஆளை இழுத்துப்போய், ஜன்னல்களுக்குத் திரை போட்ட ஆமி பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களைத் தேடிப் படமும் கையுமாக அலையும் தாய்மாரை இராமர் பேப்பரில் பார்த்திருந்தார்.

பக்கத்தில் இருந்தவன் கிளறன்ஸ், துறைமுகத்தில் வேலை செய்பவன். லொட்ஜ் மதிலேறித் தப்பப் பார்த்தபோது அதில் பதித்திருந்த கண்ணாடித் துண்டு அவன் பாதத்தைக் கிழித்திருந்தது. இரத்தம் நிற்கவில்லை.

“அண்ணே, ரெண்டரைக்கு மெச் தொடங்கிரும்” என்று அந்த வலியிலும் முணுமுணுத்தான். “டிக்கட்டக் காட்டிக் கேட்டா விடுவாங்களோ?”

“வாய வச்சிக்கிட்டு சும்மா இரு தம்பி. காலக் காட்டு.”

கட்டுவதற்குத் துணி எதுவும் இல்லை. இராமர் ஒரு கணம் யோசித்தார். பிறகு காவலர் பாராத நேரம் கொடியை எடுத்து அந்தப் பாதத்தில் இறுக்கிக் கட்டினார். கடவுள் கோபிக்கமாட்டார் என்றே அவருக்குப் பட்டது.

வரிசை வழியே வந்த ஆமி அதிகாரி கிளறன்ஸின் காலைக் கண்டதும் முகம் சுளித்தார்.

“என் பஸ்ஸெல்லாம் இரத்தமாவதற்கா? இவனை அங்கே தள்ளு!” என்று சிங்களத்தில் கத்தினார்.

ஒரு கான்ஸ்டபிள் கிளறன்ஸைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் வாசல் கேற்றடியில் போட்டான். இழுத்த இழுப்பில் கொடி கழன்று விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் பொலிஸ் சார்ஜன் சிறில். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம்.

“யாரு இத காலில கட்டினது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டார்.

சார்ஜனின் பார்வை கேற்றடிக்குத் திரும்பியது.

“நான்தான் சேர்” என்றார் இராமர். “ரத்தம் நிக்கட்டும்னு...”

சார்ஜனின் பொல்லுத் தடி அவர் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

“சிங்கக் கொடி! ஒனக்கு கால் தொடைக்கிற துணியா அது?”

அடுத்த அடியில் புருவம் பிளந்தது. மூன்றாவது அடிக்கு ஒரு பல் மண்ணில் போய் விழுந்தது. நிலத்தில் சுருண்டவரைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கி, மறுபடியும் முகத்திலேயே அடித்தார் சார்ஜன். சாக்குக்காரன் அப்போது நான்காம் ஆளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். இராமர் ஆறாவது ஆள்.

பார்த்து நின்ற ஆமி அதிகாரி ஓரடி பின்னால் போனார். “போதும். அந்தக் குப்பையை நீயே அள்ளு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிறில் இராமரைச் சட்டையில் பிடித்து இழுத்து ஜீப்பின் பின்தட்டில் எறிந்தார். “ஆத்துக்குத்தான்” என்று வரிசையில் யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. மட்டக்குளிப் பக்கம் ஆறு கடலில் விழும் இடத்தில் என்னென்ன கரையொதுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜீப்பில் வேறு பொலிஸ்காரர் இல்லை. சார்ஜனே ஓட்டினார். இராமர் கண்ணை மூடிக்கொண்டார். ‘முருகா, எம்புள்ளைக்கு அப்பன் வேணும்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவருக்கு வரவில்லை.

ஜீப் நின்றது. வீங்காத கண்ணைத் திறந்து பார்த்தார். ஆறு இல்லை. தூரத்தில் வெள்ளை உடுப்பில் இரண்டு தாதிமார் நடந்து போனார்கள். பெரியாஸ்பத்திரியின் பின்வாசல்.

சார்ஜன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லையென்று கண்டதும் தன் லேஞ்சிக் கைக்குட்டையை எடுத்து இராமரின் புருவத்தில் அழுத்திப் பிடித்தார்.

“டொக்டர் கேட்டா, பஸ்ஸால விழுந்த எண்டு சொல்லு. கேற்றடியில இருக்கிறவனையும் இங்கதான் அனுப்புவன்.”

இராமர் மிரண்டு பார்த்தார்.

“புறக்கோட்டையில குண்டு வெடிச்ச நாள், ஒரு தமிழ் மனிசன் தன்ட இடுப்புச் சாரத்தக் கிழிச்சு என்ட வயித்தில கட்டினார். இந்த வாசல் வரைக்கும் தூக்கி வந்தார். நான் கண் முழிச்ச நேரம் ஆள் இல்ல. பேரும் தெரியா.”

“அதுக்கு என்னையப் போட்டு இப்படியா அடிக்கிறது, சேர்?”

சார்ஜன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அவர் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

“சாக்குக்காரனுக்கு இண்டைக்கு எல்லாருக்கும் தலையாட்டச் சொல்லி மேலயிருந்து ஓடர். ரத்தம் வடியாத ஆக்கள் எல்லாம் இப்ப பஸ்ஸில, தம்பி.”